துர்காதேவியின் வேனும் பத்துக் கிராம் பட்டும்

பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற ஆள் நான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் தூங்கினால், நிஜமாகவே தூங்குகிறானா என்று ஓரக்கண்ணால் கவனிப்பேன். என் மனைவி மங்கையர்க்கரசி இந்தக் குணத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள், அதை இங்கே எழுத முடியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால், துர்காதேவியின் கதையில் அவள் மேல்தான் ஏதோ தப்பு என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடுவார்கள்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில் எனக்கு இரண்டு பட்டுத் தறி. வீட்டை ஒட்டி மூன்று சென்ட் காலி மனை கிடக்கிறது. போன ஆடி மாதம் ஒரு காலையில் எழுந்து வெளியே வந்தால், மனையில் ஒரு வேன் நிற்கிறது! பழைய பள்ளிக்கூட வேன். மஞ்சளுக்கு மேல் வெள்ளை அடித்திருந்தார்கள், கதவோரத்தில் மஞ்சள் அப்படியே தெரிந்தது. கூரையின் மேல் ஆள் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குழாய். கதவைத் தள்ளிக்கொண்டு ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் பல் விளக்கியபடியே இறங்கினாள். எனக்கு வந்ததே கோபம்.

“யாரும்மா நீ? யாரைக் கேட்டுக்கினு வண்டிய இங்க போட்ட?”

“அரசிகிட்ட கேட்டேண்ணா,” என்றாள், வாயில் நுரையோடு.

உள்ளே ஓடினேன். அரசி அடுப்படியில் நிதானமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். “அவ துர்கா. பிள்ளையார்பாளையத்துல எங்க தெரு. ஒண்ணா படிச்சோம். கொஞ்ச நாளைக்கு வண்டி போட எடம் கேட்டா, சரின்னேன். உங்ககிட்ட சொன்னா நீங்க அவ ஜாதகத்தையே கேப்பீங்க, அதான் சொல்லல.”

ஜாதகம் கேட்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். அவள் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினாள். பள்ளி வண்டி என்றிருந்ததைச் சொந்த வண்டி என்று முறைப்படி மாற்றியிருந்தாள். எல்லாத் தாளும் சரியாக இருந்தது. இவ்வளவு சரியாக எல்லாம் வைத்திருக்கிறாளே, ஏன் என்று அதற்கும் ஒரு சந்தேகம் எனக்கு.

துர்காதேவி தறிக்காரர் வீட்டுப் பெண்தான். நடக்கப் பழகிய வயசிலிருந்து நூல் பிடித்தவள். ஆட்டோ ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். எட்டு வருஷத்தில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். கையில் ஒரு பெண் குழந்தை. அழுது முடித்த கையோடு புருஷனின் நண்பர் ஒருவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய வேன் ஒன்றை வாங்கிப் பதினேழு வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். பிறகு பள்ளிக்கூடமே பஸ் வாங்கிவிட்டது. அதே வருஷம், அவள் குடியிருந்த வாடகை வீட்டை லாட்ஜ் கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். மகள் கீர்த்தி ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, ஒரே படுக்கையறை வீடு. “மருமகன் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஹால்ல பாயைச் சுருட்டணும்ணா. எத்தினி நாளைக்குச் சுருட்டுவேன்?” என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். தச்சரைக் கூப்பிட்டு சீட்டுகளைக் கழற்றி, ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் இழுப்பறை, ஓரமாக ஒரு அடுப்பு மேடை என்று வேனை வீடாக்கிக்கொண்டாள்.

இதெல்லாம் நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. ஊரில் ‘வாடகைக்கு’ என்று இத்தனை பலகை தொங்குகிறது, ஒரு பொம்பளை எதற்கு வேனில் குடியிருக்க வேண்டும்? சக்கரம் வைத்த வீடு யாருக்குத் தேவைப்படும்? சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப வேண்டியவர்களுக்குத்தானே? இப்படித்தான் என் மண்டை ஓடியது.

வந்த மூன்றாம் நாள் நாலு செங்கல்லைக் கொண்டுவந்து ஒரு பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் கொடுத்து வண்டியை ஏற்றி நிறுத்தினாள். இன்றைக்குச் சக்கரத்துக்கு அடியில் செங்கல் என்றால் நாளைக்குச் சுவர், அதற்கு அடுத்த நாள் வழக்கு. அரசியிடம் போய்க் கத்தினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். “மனை சரிவா இருக்குதாம். படுத்தா தலை கீழ போவுது, அடுப்புல வச்ச எண்ணெய் ஒரு பக்கமா ஓடுதாம். கட்டில்மேல டம்ளர்ல தண்ணி வச்சு மட்டம் பாத்துக்கினு இருக்கா. போய்ப் பாருங்க, வேணும்னா.”

நான் போகவில்லை. ஆனால் செங்கல்லை எண்ணி வைத்துக்கொண்டேன்.

அப்புறம் மூட்டை. வாரத்துக்கு ஒரு நாள் தச்சுப்பட்டறையிலிருந்து சாக்கு மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். தூக்குகிற விதத்தைப் பார்த்தால் கனமே இல்லை. கனமில்லாத மூட்டையில் என்ன இருக்கும்? கஞ்சாவாக இருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது, மறைப்பானேன். மறுபடியும் அரசிதான் கேட்டுச் சொன்னாள். மரத்தூளாம். வண்டிக்குள்ளேயே மூடி போட்ட பக்கெட்தான் கக்கூஸ், போன பிறகு இரண்டு கை மரத்தூள் போட்டுவிட்டால் வாடையே வராதாம், பிறகு மனை மூலையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுகிறாளாம். “நம்ம பாத்ரூமுக்கு வாடின்னேன். காலங்காத்தால உங்க மூஞ்சைப் பாத்துக்கினு வரணுமான்னு பயப்படறா,” என்றாள் அரசி. சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

கேஸ் சிலிண்டர் வைத்த பெட்டியின் அடித்தளத்தில், வேனின் தரையோடு சேர்த்து, விரல் நுழைகிற மாதிரி இரண்டு ஓட்டை போட்டிருந்தாள். கேஸ் கசிந்தால் மேலே போகாதாம், தரையில்தான் தங்குமாம், ஓட்டை இருந்தால் வெளியே இறங்கிவிடுமாம். கூரைமேல் இருந்த கறுப்புக் குழாய் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தால் மத்தியானத்துக்குள் வெயிலில் சுட்டுவிடும், குளிக்க அடுப்புச் செலவில்லை. அரிசி, பருப்பு, தண்ணீர்க் கேன் என்று கனமானதையெல்லாம் தரையோடு வைத்திருந்தாள். மேலே வைத்தால் திருப்பத்தில் வண்டி ஆடுமாம். இவை எல்லாம் அரசி வழியாக எனக்கு வந்து சேர்ந்த சேதிகள். வாயைத் திறந்து கேட்டால் பதில் கிடைக்கும் என்பது அரசிக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை, அல்லது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியைக் கிளப்பி ஒரு முழம் முன்னால் நகர்த்தி, செங்கல்லையும் மாற்றி வைப்பாள். அடுத்த ஞாயிறு ஒரு முழம் பின்னால். என் காம்பவுண்டுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்குகிறாளோ என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு வைத்தேன். ஒரே இடத்தில் மாசக்கணக்கில் நின்றால் டயர் அமுங்கிப் போகும், பாட்டரியும் உட்கார்ந்துவிடும், அதற்காகத்தான் நகர்த்துகிறாள் என்று என் தறியில் உட்காருகிற ஆள்கூடச் சொன்னான். கோட்டை நான் அழிக்கவில்லை.

ஆவணியில் அவள் வேலை கேட்டாள். தார் சுற்றும் வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில், குறுக்கு இழையான ஊடைப் பட்டைச் சுற்றித் தருவதைத்தான் தார் சுற்றுவது என்போம். வேனுக்குள்ளேயே ராட்டையை வைத்துக்கொண்டு சுற்றித் தருவதாகச் சொன்னாள். கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அவள் சுற்றிய தார் நாடாவுக்குள் உட்கார்ந்தால் கடைசி இழை வரைக்கும் ஒரு அறுப்பு இருக்காது. அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக் கந்தனும், இன்னும் மூன்று தறிக்காரர்களும் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். அந்த வருமானத்தில்தான் அவள் சாப்பாடு ஓடியது.

எங்கள் தொழிலில் பட்டை எடை போட்டுத்தான் கொடுப்போம், எடை போட்டுத்தான் வாங்குவோம். முன்னூறு கிராம் கொடுத்தால், தார்க்குச்சியின் எடையைக் கழித்து, அறுந்து விழுந்த துண்டு நூலையும் சேர்த்து, முன்னூறு கிராம் திரும்பி வர வேண்டும். குறைந்தால் கேள்வி. கூடினால் அதைவிடப் பெரிய கேள்வி. ஏனென்றால், பட்டைக் கொஞ்சம் உருவி எடுத்துக்கொண்டு, மிச்சத்தின்மேல் தண்ணீர் தெளித்து எடையைச் சரிக்கட்டுவது எங்கள் ஊரில் பழைய திருட்டு. தெளிக்கிற கைக்கு அளவு தெரியாமல் போனால் எடை கூடிவிடும், அதிலேயே மாட்டிக்கொள்வார்கள். பட்டில் கை வைத்தவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால், அப்புறம் பிள்ளையார்பாளையத்திலும் சரி, ஐயம்பேட்டையிலும் சரி, ஒரு இழைப் பட்டை நம்பிக் கொடுக்க ஆள் இருக்காது. இது துர்காதேவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

புரட்டாசி வரைக்கும் எடை சுத்தமாக வந்தது. சுத்தமாக வந்ததாலேயே நான் அதிகமாகக் கவனிக்க ஆரம்பித்தேன். வேப்பங்குச்சி ஒடிக்கிற சாக்கில் வேனைச் சுற்றி வருவேன். சாயங்காலம் அவள் சமைக்கிற நேரம்தான் எனக்குத் தோது, உள்ளே விளக்கு எரியும், எல்லாம் தெளிவாகத் தெரியும். பட்டை எங்கே வைக்கிறாள், எதில் வைக்கிறாள், யாரோடு போனில் பேசுகிறாள் என்று ஜன்னல் பக்கமாக நின்று பார்ப்பேன். என் மனை, என் பட்டு, நான் பார்ப்பேன் என்ற திமிர்தான். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் போய்ப் பார்த்தால் ஜன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தி, உள்ளே பழைய புடவையைக் கிழித்துத் திரை போட்டிருந்தாள். மூடுகிறாள் என்றால் எதையோ மறைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த தாரை எடை போட்டேன். முன்னூறு கொடுத்தது, முன்னூற்றுப் பதினொன்று காட்டியது.

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பதினோரு கிராம் அதிகம்! தொட்டுப் பார்த்தால் பட்டு சில்லென்று இருந்தது. அவளிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினேன். மழைக்காலத்தில் தறியில் நெடுக்காகக் கட்டிய பாவு நமத்துத் தொய்ந்துவிடும் என்று, தறிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குண்டு பல்பைத் தாழத் தொங்கவிட்டு எரிய வைத்திருப்போம். அந்தப் பல்புக்கு அடியில் கூடையோடு தாரை வைத்தேன். ஈரம் முழுக்க ஓடட்டும், அப்புறம் நிஜ எடை தெரியும், அவள் எவ்வளவு எடுத்தாள் என்பதும் தெரிந்துவிடும். இது என் கணக்கு. இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் எடை போட்டால் இருநூற்றுத் தொண்ணூறு. பத்துக் கிராம் போயிருக்கிறது!

பத்துக் கிராம் பட்டு ஒரு சொத்து இல்லை. ஆனால் நான் நினைத்தது சரியாகிவிட்டது. அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, அதை இன்று நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக மனைக்குப் போனேன். காலை எட்டு மணி. எதிரே தேவசகாயத்தின் டீக்கடையில் கூட்டம். கந்தனும் அங்கேதான் கிளாஸோடு நின்றான். வேன் கதவைத் தட்டினேன். அவள் திறந்தாள்.

“பத்து கிராம் எங்க?”

“இன்னாண்ணா சொல்றீங்க?”

“நடிக்காத! தண்ணி தெளிச்சுக் கொண்டாந்துட்டா எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா தறியில உக்காந்துக்கினு இருக்கேன். காய வச்சு எடை போட்டேன். பத்து கிராம் குறையுது. எங்க வச்சிருக்க?”

“நான் எடுக்கலண்ணா. தண்ணியும் தெளிக்கல. காய வச்சீங்களா? எப்படி காய...”

“எல்லாம் பாத்துட்டுத்தான் பேசறேன்! சக்கரம் வச்ச வீட்டுக்காரிய நம்பிப் பட்டு குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்.”

டீக்கடை மொத்தமும் எழுந்து வந்துவிட்டது. கந்தன் கூடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “என் பட்டு ஒரு நூறு கிராம் உள்ள இருக்குதும்மா. சுத்தினது போதும், அப்படியே குடுத்துடு,” என்றான். அவள் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். மற்ற மூன்று பேரின் பட்டையும் அவளே கொண்டுபோய் அவரவர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. அரசி மட்டும் எங்கள் வாசலில் நின்று அழுதாள்.

மத்தியானத்துக்குள் துர்காதேவி செங்கல்லை எடுத்து ஓரமாக அடுக்கினாள், குழாயை இறக்கிக் கட்டினாள், மூலையில் வெட்டிய குழியை மண் போட்டு மிதித்து மூடினாள். வண்டி கிளம்பியபோது தேவசகாயம் கடையிலிருந்து ஒரு குரல், “ஓடறா பாரு, அப்போ நிஜந்தான்!” என்றது. நானும் தலையாட்டினேன்.

அரசி என்னோடு பத்து நாள் பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். பதினோராம் நாள், தார் சுற்றாமல் எங்கள் பீரோவில் இருந்த அதே சாயப் பட்டில் ஒரு சிட்டம் நூலை எடுத்துத் தராசில் என் கண்ணெதிரே வைத்தாள். நூல் துண்டைக் கிள்ளிப் போட்டு, சரியாக முன்னூறு காட்ட வைத்தாள். பிறகு அதைக் கூடையில் போட்டு, அந்தக் குண்டு பல்புக்கு அடியில் வைத்துவிட்டு, சமையலைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள். தராசில் வைத்தாள். இருநூற்றுத் தொண்ணூறு புள்ளி ஒன்று.

“இதுல பத்து கிராம் யாரு எடுத்தாங்க?” என்றாள். “இந்தப் பட்டு இந்த வீட்டு வாசப்படிய தாண்டல. நான் எடுத்தனா, நீங்க எடுத்தீங்களா?”

நான் தராசை அணைத்து மறுபடியும் போட்டேன். அதே எண். தறி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பட்டு எப்போதும் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்கிற சாமான். நாங்கள் எடை போட்டுக் கொடுக்கும்போதும் அந்த ஈரத்தோடுதான் கொடுக்கிறோம். சூட்டில் இரண்டு நாள் வைத்தால் அந்த இயல்பான ஈரமும் சேர்ந்து ஓடிவிடும், எடை குறையாமல் என்ன செய்யும்? முப்பது வருஷம் ஈரத்தையே எதிரியாகப் பார்த்துப் பழகியவனுக்கு, காயக் காயத்தான் நிஜம் என்று புத்தியில் ஊறிக் கிடக்கிறது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

உடனே சட்டையைப் போட்டுக்கொண்டு கந்தன் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் எடுக்கவில்லை, என் தப்புதான், பழையபடி அவளுக்கு வேலை கொடு என்றேன்.

கந்தன் தறியை விட்டு எழவே இல்லை. “நீதான் சொன்ன, இப்போ நீயே இல்லன்ற. எதைண்ணா நம்பறது? எதுக்கு வம்பு, எனக்கு வேற ஆளு கிடைச்சிட்டாங்க.”

“வேற ஆளு இருக்கட்டும்பா. அவ திருடலன்னாவது ஒத்துக்க.”

“சரி, திருடல. விடு.” அவன் சொன்ன விதத்திலேயே அவன் நம்பவில்லை என்று தெரிந்தது.

மற்ற மூன்று வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான். கடைசியில் தேவசகாயத்தின் கடைக்குப் போய் எல்லாரும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தான். “இன்னா தேவேந்திரா, திடீர்னு அவமேல இவ்ளோ கரிசனம்? பொம்பள வந்து கண்ணைக் கசக்கிக்கினு நின்னாளா? இல்ல, வேற கதையா?” கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவன் சட்டையைப் பிடிக்கக் கை ஓங்கிவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து இழுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் சொன்ன ஒரு பொய்யை ஒரே நிமிஷத்தில் நம்பியவர்கள், நான் சொல்லும் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார்களே!

“துர்கா எங்க இருக்கான்னு யார்கிட்டயாவது விசாரிக்கணும்,” என்றேன் அரசியிடம்.

“தாமல் ஏரிக்கரை. கிருஷ்ணம்மாள்னு ஒருத்தங்க தென்னந்தோப்புல வண்டியப் போட்டுக்கினு இருக்கா. காலைல பால் வண்டி ஓட்டறா.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“போன் பண்ணிக் கேட்டேன்.”

முதல் தடவை போனபோது கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள். தென்னைகளுக்கு நடுவில் வேன் மட்டமாக நின்றது. அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொடியிலிருந்து கை எடுக்காமலேயே நின்றாள். தப்பு என் மேல்தான், மன்னிச்சுக்கோம்மா என்றேன். பல்பு விஷயத்தைச் சொன்னேன். பட்டுப் பையை நீட்டினேன்.

“உங்க பட்டு எனக்கு வேணாண்ணா,” என்றாள். “தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தை மாதம் இன்னொரு தடவை போனேன். அப்போதும் தண்ணீர்தான். மாசியில் அவளே அரசிக்குப் போன் செய்தாள். பால் வண்டிக்கு நிரந்தரமாக ஒரு டிரைவர் வந்துவிட்டானாம், தார் இருந்தால் கொண்டுவரச் சொன்னாளாம். வேறு யாரிடமும் கேட்க அவளுக்கு வழியில்லை. காஞ்சிபுரம் முழுக்க அவள் பேர் அப்படி நாறிக் கிடந்தது, நாற வைத்தவன் நான்.

முன்னூறு கிராம் எடை போட்டு, கறுப்புப் பையில் கட்டி, பைக் டேங்க்மேல் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் தாமல் போய்ச் சேர்ந்தேன். அவள் வேனுக்குள்ளிருந்து ஒரு புதுத் தராசைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். சொந்தமாக வாங்கியிருந்தாள். என் பையைப் பிரித்துப் பட்டைத் தராசில் வைத்துவிட்டு, எண்ணை என் பக்கம் திருப்பினாள். இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

“துர்கா, சத்தியமா முன்னூறும்மா. அரசி முன்னாடிதான் போட்டேன். வேணும்னா போன் பண்ணிக் கேளு. நான் எதுக்கும்மா உன்கிட்ட...” நான் எடுக்கவில்லை, எனக்கே தெரியும் எடுக்கவில்லை என்று. ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் என் வாயிலிருந்து வந்ததெல்லாம் திருடன் பேச்சாகவே என் காதில் விழுந்தது.

அவள் கொஞ்ச நேரம் என்னை அப்படியே உளற விட்டாள். அது அவளுக்கு உரிமைதான். பிறகு, “கறுப்புப் பையில வச்சு இம்மாந்தூரம் வெயில்ல கொண்டாந்தா மூணு கிராம் காயத்தாண்ணா செய்யும். நிழல்ல இருக்கட்டும், சாயந்திரம் சரியாயிடும்,” என்றாள்.

“அப்போ உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தறிக்காரன் பொண்ணுதானே நானும்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா!”

“சொல்ல விட்டீங்களா?”

ஆனாலும் என் புத்தி அடங்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, நெஞ்சில் அரித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டுவிட்டேன். “நீ தண்ணி தெளிக்கல, சரி. ஆனா அந்த வாரம் மட்டும் பதினோரு கிராம் கூட வந்துச்சேம்மா. அது எப்படி? முன்னாடியெல்லாம் வரலியே.”

அவள் தராசை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். “சின்ன வண்டிண்ணா. சோறு வடிக்கிற ஆவி, குளிச்ச ஈரம், நாம விடற மூச்சு, எல்லாம் உள்ளயே சுத்திக்கினு இருக்கும். சமைக்கும்போது எதிரும் புதிருமா ரெண்டு ஜன்னலாவது திறந்து வைக்கணும். இல்லன்னா தகரத்துல முத்து முத்தா தண்ணி கோத்துக்கினு, பாய், துணி, பட்டு எல்லாம் நமத்துப் போயிடும். வண்டியில குடியிருக்கறவங்களுக்கு மொதப் பாடமே அதுதான். நான் என்னைக்கும் திறந்துதான் வச்சிருப்பேன்.”

“அப்புறம் ஏம்மா சாத்தின?”

அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். “டெய்லி வந்து எட்டிப் பாத்துக்கினு இருந்தீங்களேண்ணா. ஒண்டியா இருக்கற பொம்பள, வேற இன்னா செய்வேன்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயசில் ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் தடுக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. பட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது வாரத்துக்கு ஒரு நாள் போகிறேன். அவளுக்குப் பட்டு கொடுப்பது ஊரில் இன்னும் நான் ஒருவன்தான். தோப்புக்கு வெளியிலேயே பைக்கை நிறுத்தி ஹார்ன் அடிக்கிறேன். வேனில் நாலு ஜன்னலும் திறந்திருக்கின்றன என்று போய்ப் பார்த்த அரசி சொல்கிறாள். நான் பார்த்ததில்லை. துர்கா கூப்பிடுகிற வரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.